வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுகொள்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பழைய கார் வாங்குவது குறித்து வந்திருக்கும் கடிதங்களில் பல, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றியே கேட்பதால், இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அப்பச்சியும் ஆத்தாவும் ஊரில் இருக்கிறார்கள். காரைக்குடி மருத்துவமனைக்குப் போய்வரவும் விசேஷங்களுக்குச் செல்லவும் ஒரு பழைய டீசல் கார் வாங்க நினைக்கிறோம். 2019 மார்ச்சில் பதிவான, டிஎன் 22 எண்ணுள்ள கார் ஒன்றைத் தரகர் காட்டினார். ஒரே உரிமையாளர், ஓடிய கிலோமீட்டரும் குறைவு, உள்ளே புத்தம் புதிய சீட் கவர். மற்ற இடங்களில் கேட்ட விலையைவிட ஒன்றரை லட்சம் ரூபாய் குறைத்துச் சொல்கிறார். "சென்னை வண்டி, வெள்ளத்தில் நின்றதாகத்தான் இருக்கும், வேண்டாம்" என்கிறார் என் அண்ணன். அப்படி ஒதுக்கிவிடலாமா, அல்லது பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் அண்ணன் தயங்குவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பதிவெண்ணை மட்டும் வைத்து ஒரு வண்டியைத் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. டிஎன் 22 மீனம்பாக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எனத் தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின என்பது உண்மை. அதே வேளச்சேரியில், முன்கூட்டியே மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டதால் உள்ளே சொட்டு நீர் புகாமல் தப்பிய கார்களும் உண்டு. மறுபுறம், டிஎன் 63 என்ற நம் சிவகங்கை மாவட்ட எண்ணைப் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது. இங்கே பதிவாகி, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் ஓடிவிட்டு, விற்பதற்காக மட்டும் ஊர் திரும்பும் கார்கள் நம் வட்டாரத்தில் நிறையவே இருக்கின்றன. ஆகவே, கார் எங்கே பதிவானது என்பதைவிட, 2023 டிசம்பரில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் மூழ்கடித்தது. நீங்கள் பார்த்த கார் 2019-ஆம் ஆண்டினது என்பதால் 2015 சென்னை வெள்ளமும் 2018 கேரள வெள்ளமும் அதைத் தொட்டிருக்க வழியில்லை; அதற்கு முந்தைய மாடல்களைப் பார்ப்பவர்கள் அவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்கள் எல்லாம் ஒரே அளவில் கெட்டவை அல்ல. தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது, அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா அல்லது வண்டி நிறுத்தப்பட்டிருந்ததா, நீர் வடிந்த பின் எத்தனை நாள் கழித்து உள்ளே கழற்றி உலர்த்தினார்கள் ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் ஒரு வண்டியைப் பற்றி முடிவு சொல்ல முடியும். சக்கரத்தின் பாதி வரை நீர் நின்று, கதவின் அடி ஓரத்தைத் தாண்டாத வண்டி, பிரேக்கையும் சக்கர பேரிங்குகளையும் பார்த்துச் சரிசெய்தால் நன்றாகவே ஓடும். இருக்கை வரை நீர் ஏறிய வண்டி அப்படியல்ல. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் லீவரை ஒட்டி, தரையின் நடுமேட்டில் பொருத்தப்பட்டிருப்பதால், காருக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்களில் முதலில் நனைவது அதுவாகவே இருக்கும். டேஷ்போர்டு வரை நீர் ஏறிய காரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் வடிந்த அன்று கெட்டது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு கெடப்போவதுதான் தெரியாது. வயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பாயும் முனைகளில், ஈரமும் மின்னோட்டமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. புளி போட்டுத் தேய்க்காமல் பரணில் கிடந்த செம்புப் பாத்திரத்தில் படியும் பச்சைக் களிம்பை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். கப்ளரைக் கழற்றினால் உள்ளே செம்பு முனையில் தெரிவதும் அதே களிம்புதான். இது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல; சில மாதம் கழித்து ஒரு ஜன்னல் கண்ணாடி இறங்காது, அதற்குச் சில மாதம் கழித்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். அரிப்பைப் பற்றியே ஆராய்வதைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது: 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட, ஊரார் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அதன் வாசல் வழியாகவே வெள்ளக் கார்களும் விலை பேசப்பட்டுப் போகின்றன என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இனி, வண்டியைப் பார்க்கும் முறை. காலை நேரத்தில், தரகர் ஏசியை ஓடவிட்டுக் குளிர்வித்து வைத்திருக்கும் காரைப் போய்ப் பார்க்காதீர்கள். உச்சி வெயிலில், கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, உள்ளே தொங்கும் வாசனைப் பொருள்களை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் மூடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கதவைத் திறந்த முதல் மூச்சில் வருவதுதான் அந்தக் காரின் உண்மையான வாடை. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி வைத்தது போன்ற புழுக்க வாடை வந்தால் கவனம் தேவை. வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், அதற்குக் காரணம் கேளுங்கள்.

அடுத்து சீட் பெல்ட். நான்கு பெல்ட்டுகளையும் அவை எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் மெதுவாக இழுங்கள். வண்டியைக் கழுவிச் சுத்தம் செய்பவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் தேய்ப்பார்கள். கதவை ஒட்டிய தூணுக்குள் சுருண்டிருக்கும் கடைசிப் பகுதி பெரும்பாலும் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. நீர் நின்ற உயரத்தில் பெல்ட்டின் குறுக்கே ஒரு மங்கிய கோடும், அதற்குக் கீழே நிறம் மாறிய நாடாவும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சிறு சீட்டில் அது தயாரான காலம் அச்சிடப்பட்டிருக்கும். 2019-ஆம் ஆண்டுக் காரில் 2024-இல் தயாரான பெல்ட் இருந்தால், ஏதோ காரணத்தால் மாற்றியிருக்கிறார்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்தால்கூட மாற்றுவார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து வெள்ளம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இரண்டுமே நீங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்தாம்.

சீட் கவர் புதிதாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விற்கும்போது எல்லோரும் போடுவதுதான். அதற்குக் கீழே பாருங்கள். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பிடித்த கீறல் இருந்தால், இருக்கைகள் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கின்றன. ஓடும் காரில் இருக்கையைக் கழற்ற வேண்டிய தேவை அடிக்கடி வருவதில்லை. இருக்கை முன்பின் நகரும் தண்டவாளத்தின் உட்பகுதியிலும் இருக்கைக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்குகளிலும் ஒரே சீராகத் துரு இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பின்பு, ஓட்டுநர் பக்கத்துக் கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அதற்கடியில் ஒட்டியிருக்கும் தடித்த பஞ்சுப் படுகையை விரலால் அழுத்துங்கள். கார்ப்பெட் மேலே காய்ந்து, புதிதாகக்கூடத் தோன்றும். பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும், உலர்ந்தாலும் மண்ணை விடாது. இதற்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால், அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். உரசலோ கீறலோ ஏற்படாமல் செய்யக்கூடிய சிறு வேலை இது. மறுக்க வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே நம் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டிநாட்டில் ஓடும் எந்தக் காரிலும் கதவு ரப்பரிலும் டிக்கியின் மூலைகளிலும் செம்மண் புழுதி படிந்திருக்கும். அதைக் கண்டு வெள்ளம் என்று பயந்து நல்ல வண்டியை விட்டுவிட்டவர்கள் உண்டு. காற்றில் வந்த புழுதி எங்கும் பரவலாக, உலர்ந்த தூளாக, தட்டினால் உதிர்வதாக இருக்கும். தண்ணீர் கொண்டுவந்த வண்டல் அப்படி இருக்காது. மிக மெல்லிய களியாக, பெரும்பாலும் சாம்பலோ கருமையோ கலந்த நிறத்தில், ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே மட்டும் படிந்து, காய்ந்த பின் பொருக்குத் தட்டியிருக்கும். அதைத் தேட வேண்டிய இடங்கள்: ஸ்டெப்னி டயரை எடுத்த பின் தெரியும் பள்ளம், டெயில் லைட்டுக்குப் பின்னாலுள்ள குழி, கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகள், டேஷ்போர்டின் அடிப்பகுதியில் தலையைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும் இரும்புத் தாங்கிகளின் மேற்புறம். கடைசியாகச் சொன்னது மிகவும் பயனுள்ளது. வண்டியைக் கழுவுபவர் யாரும் அங்கே படுத்துக்கொண்டு மேல்நோக்கித் துடைப்பதில்லை.

இன்ஜினைப் பொறுத்தவரை, முதல் நிபந்தனையாக, வேறொரு நாள் காலையில் வருவதாகவும், நீங்கள் வரும் வரை வண்டியைக் கிளப்பக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் தொடருங்கள். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆனால் விற்பதற்கு முன் ஆயில் மாற்றப்பட்டிருக்கும் என்பதால், சுத்தமான ஆயில் எதையும் நிரூபிப்பதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடித்தட்டைப் பாருங்கள். அங்கே வண்டல் கோடு இருந்தால், இன்ஜின் மூச்சுவிடும் வழியில் தண்ணீர் வந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்குள் அப்படித் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதால், மேலேறும் பிஸ்டன் தடுக்கப்பட்டு, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சற்றே வளைந்த ராடுடன் இன்ஜின் பல மாதம் ஓடும், ஒரு நாள் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வரும். ஆகவே நல்ல பட்டறையில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள்; ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறைந்திருந்தால் வாங்க வேண்டாம். வண்டியை ஓட்டிப் பார்க்க, பிள்ளையார்பட்டி வரை போய்வரும் சாலை போதும்; பூஜை போடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்வந்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏசி, வைப்பர், ஹெட்லைட், நான்கு ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கியபடி ஓட்டுங்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், ஏனெனில் கோளாறை மறைக்க விளக்கின் தொடர்பையே துண்டித்திருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததாகப் பதிவான பிழைகளை அவர் படித்துச் சொல்வார். முந்தைய நாள்தான் எல்லாப் பதிவுகளும் அழிக்கப்பட்டிருந்தால், அதையும் ஸ்கேனரில் ஓரளவு கண்டுகொள்ளலாம்.

இவ்வளவையும் செய்வதற்கு முன், செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கடந்த ஆண்டுகளின் இன்சூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். இழப்பீடு கேட்காத உரிமையாளருக்கு அது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுதோறும் ஏறும். உங்கள் கார் 2019 மார்ச்சில் பதிவானது. ஒரே உரிமையாளர் என்கிறீர்கள். அப்படியானால் 2023 மார்ச் பாலிசியில் 45 என்றும் 2024 மார்ச் பாலிசியில் 50 என்றும் இருக்க வேண்டும். 2024-இல் அது பூஜ்யமாக விழுந்திருந்தால், இடைப்பட்ட ஓராண்டில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள். அந்த ஓராண்டுக்குள்தான் 2023 டிசம்பர் வருகிறது. பம்பர் உடைந்ததற்குக்கூட இழப்பீடு வாங்கியிருக்கலாம், எனவே எதற்கு என்று கேளுங்கள். பதிலைச் சர்வீஸ் சென்டரின் பதிவோடு ஒப்பிடுங்கள். போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் இழப்பீடு வாங்கிய பின்னும் அது குறையாமல் இருக்கும்; மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடே கிடைத்திருக்காது, தடயமும் இருக்காது. ஆகவே போனஸ் விழுந்திருப்பது எச்சரிக்கை. விழாதிருப்பது உத்தரவாதம் அல்ல.

ஒன்றரை லட்சம் குறைவு என்பதற்கு விற்பவர் காரணம் சொல்லட்டும். அவசரமாக வெளிநாடு போவதால் விலை குறைந்த நல்ல வண்டியும் இருக்கலாம். நீர் வந்தது உண்மை, ஆனால் காரின் தரைமட்டத்தோடு நின்றது என்று விற்பவரே வெளிப்படையாகச் சொல்லி, மாற்றிய பாகங்களின் பில்லையும் காட்டினால், அந்த வண்டியை நான் பரிசீலிப்பேன். வயதானவர்கள் இரவு நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வாங்குகிற கார் என்பதால், ஏர்பேக்கிலோ வயரிங்கிலோ சிறு ஐயம் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் முழுவதும் மூழ்கிய கார்களை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டுவிடும் என்கிறார்களே, பிறகு அவை எப்படி மீண்டும் விற்பனைக்கு வருகின்றன?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறித்துள்ள காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யின் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அந்தக் காரை முழு இழப்பாகக் கொண்டு கணக்கை முடிப்பார்கள். அதன் பிறகு அந்த உடலை ஏலம் விடுவது வழக்கம். பதிவுச் சான்றான ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு விற்றால், அது பாகங்களுக்காக மட்டுமே போக வேண்டும். உடலின் மதிப்பைக் கழித்துக்கொண்டு, ஆர்.சி.யோடு உரிமையாளரிடமே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. இரண்டாவது வகையில் வந்த வண்டியைக் கழுவி, உலர்த்தி, பெயிண்ட் அடித்து ஓட்டுவது சட்டப்படி குற்றமில்லை. வாங்குபவரிடம் மறைப்பதுதான் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, அழிந்துபோன அல்லது இனிப் பயன்படாத நிலைக்கு வந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லோரும் தெரிவிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

முதல் வகையில் ஒரு மோசடி நடப்பதுண்டு: ரத்தான வண்டியின் உடலுக்கு, அதே மாடலின் வேறொரு வண்டியின் எண்ணைப் பொருத்துவது. ஆகவே ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணை, தகட்டில் அல்ல, உடலின் இரும்பிலேயே குத்தப்பட்டுள்ள இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். குத்திய இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயிண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, பதிவு நடப்பில் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் பார்த்த காரில் முன் இடதுபுறக் கார்ப்பெட் மட்டும் ஈரமாக இருந்தது. இது வெள்ளக் காரா?
– வாசகர், புதுவயல்

பதில்: அநேகமாக இல்லை. ஏசியிலிருந்து வடியும் நீரை வெளியேற்றும் குழாய் அடைத்துக்கொண்டால், இடதுபுற முன்இருக்கையின் காலடியில்தான் நீர் சேரும். மற்ற மூன்று மூலைகளும் உலர்ந்திருந்து, வண்டலும் இல்லை என்றால் அதுதான் காரணம். குழாயைச் சுத்தம் செய்வது சிறு வேலை. மேற்கூரைக் கண்ணாடியுள்ள கார்களில் அதன் வடிகுழாய் அடைத்தாலும் இப்படி ஆகும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் ஐந்து லட்சத்துக்குள் ஒரு கார் வாங்கினேன். ஏசி வேலை செய்யாமல் போய், பட்டறையில் டேஷ்போர்டைக் கழற்றியபோது உள்ளே முழுவதும் காய்ந்த சேறு. கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பத்தூர்

பதில்: முதலில், பட்டறையில் கழற்றிய நிலையிலேயே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். சேறு இருக்கும் இடங்களைத் தேதியுடன் புகைப்படமும் காணொளியும் எடுத்து, கழற்றிய மெக்கானிக்கிடம் தான் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். சுத்தம் செய்து மாட்டிய பிறகு நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது. சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு வணிகரிடம் வாங்கியதால் நீங்கள் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் அளிக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன், பணத்தைத் திருப்பித் தருமாறோ பழுதுச் செலவை ஏற்குமாறோ கேட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பல நேரங்களில் அந்தக் கடிதத்துக்கே பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

"பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற பதில், டேஷ்போர்டுக்குள் இருந்த சேற்றுக்குப் பொருந்தாது; சாதாரணமாகப் பார்க்கிறவர் கண்ணில் படக்கூடிய குறை அல்ல அது. உங்கள் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். "உள்ள நிலையில் விற்கப்பட்டது" என்ற வரியில் நீங்கள் கையொப்பமிட்டிருந்தால் வாதம் கடினமாகும், ஆனால் தெரிந்தே மறைத்ததை அந்த வரி மன்னித்துவிடாது. பழைய கார் விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நிலையத்துக்குச் சான்று இருக்கிறதா என்று விசாரித்துக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களும் இதை வைத்துக்கொள்ளலாம்: "இந்த வாகனம் வெள்ளத்திலோ தேங்கிய நீரிலோ மூழ்கியதில்லை, மூழ்கியது தெரியவந்தால் தொகையைத் திருப்பித் தருகிறேன்" என்று இரண்டே வரியை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தனிநபரிடம் வாங்கும்போது இது இன்னும் அவசியம். அவர் வணிகர் அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியில்லை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் மோசடி என்று வாதிட வேண்டியிருக்கும். எழுத மறுக்கிறவரிடம் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: சென்ற ஐப்பசியில் பெய்த மழையில் எங்கள் தெரு ஊருணியின் நீர் நிரம்பி, வாசலில் நின்ற எங்கள் சொந்தக் காரின் இருக்கை வரை தண்ணீர் வந்துவிட்டது. வடிந்ததும் ஒருமுறை செல்ஃப் எடுத்துப் பார்த்தோம், கிளம்பவில்லை. பிறகுதான் அப்படிச் செய்யக் கூடாது என்றார்கள். அடுத்த மழையில் இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். நிறுத்தியிருந்த காரில் தண்ணீர் ஏறினால், சிலிண்டருக்குள் நீர் இருந்தாலும் எதுவும் உடனே உடைவதில்லை. செல்ஃப் எடுக்கும்போதுதான் மேலே சொன்ன கனெக்டிங் ராட் வளையும். தண்ணீர் கதவுக்குள் வந்துவிட்டது என்று தெரிந்தால், சாவியைக்கூடப் போடாமல், பாதுகாப்பாக அணுக முடிந்தவுடன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். அரிப்பு மெதுவாவதற்கு அதுவே பெரிய உதவி. தண்ணீர் நிற்கும் உயரம் தெரியும்படி பதிவெண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே தெரிவித்து, வண்டியைக் கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியென்றால், சக்கரம் தரையில் உருளும்படி இழுப்பது கியர்பாக்ஸையும் கெடுத்துவிடும்.

முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் நீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பியதால் ஏற்பட்ட சேதத்தைச் சாதாரண பாலிசியில் ஏற்பதில்லை. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, மழைக்காலத்தில் சென்னைக்கு வண்டி போய்வரும் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஐப்பசியில் நனைந்த உங்கள் காரை இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. ஓட்டினால், இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றப்பட்டனவா, கம்ப்ரஷன் பார்த்தார்களா, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்களா என்று பட்டறையில் கேட்டு எழுதுங்கள்.